அத்தை நோவுக்கு நான் போன ஆஸ்பத்திரி

பல்லாவரம் சந்தையையே குரலால் ஆட்டிவைத்த என் கருவாட்டுக்கார அத்தைக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. தூக்கத்திலேயே, ஒருத்தரையும் தொந்தரவு பண்ணாமல் போனாய். உன் சுபாவத்துக்கே ஒத்துவராத காரியம் அது.

உனக்கு அன்றைக்கு வந்ததே, அது இப்போது எனக்கு வந்திருக்கிறது. எனக்குத் தூரம் நின்று இரண்டு வருஷம். போன வாரம் திரும்பவும் ரத்தம் பட்டது. பயமும் வந்தது, உன்னை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

ஞாபகம் இருக்கா? அப்போது நான் கைக்குழந்தைக்காரி. பிள்ளை பெற்றபிறகு எனக்கு இன்னும் தூரமே வரவில்லை. ஆனால் கொடியில் புடவைக்கு அடியில் துணி காய்கிறது. நம் வீட்டில் நம்ம ரெண்டு பேரை விட்டால் பொம்பளை ஏது?

"இன்னா அத்தை, திரும்ப வயசுக்கு வந்துட்டியா? மாமாகிட்ட சொல்லி பந்தல் போடச் சொல்லட்டா?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற நீ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய். சந்தையில் பத்து ஆம்பளைகளை வாயடைக்க வைப்பவளுக்கு இதை டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. நோவு உனக்குன்னு சொல்லி மாத்திரை வாங்கியா என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனாய், தாம்பரம் லேடி டாக்டரிடம். நீ வெளியே பெஞ்சில். நான் உள்ளே, நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். நின்னு நாலு வருஷம் ஆச்சு டாக்டர், இப்போ திரும்பப் படுது என்று.

அந்தம்மா என்னைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த உன் பேத்தியைப் பார்த்தார்.

"அப்போ இதை யாரும்மா பெத்தது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். அப்புறம் முகம் மாறிவிட்டது. யாருக்கு இது, நின்ன பிறகு பட்டா சும்மா விடக்கூடாது, இப்பவே கூட்டிட்டு வா என்றார்.

நீயோ, நாலு பிள்ளையையும் வீட்டிலேயே பெத்தவ நான், எவ முன்னாடியும் துணி அவுத்ததில்லை என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்தாய்.

"போ அத்தை, போ. நீ செத்தா சந்தையில உன் இடத்துல நான்தான் உக்காருவேன். கேட்ட விலைக்குக் குடுத்துடுவேன், பாத்துக்கோ."

என்னைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தாய். கர்ப்பப்பையை எடுத்தார்கள். கெட்டது பரவுவதற்குள் வந்துவிட்டதாக அந்தம்மா சொன்னார். அப்புறம் எத்தனை வருஷம் கத்தினாய்! கருவாடு வாங்க வந்தவளிடம் எல்லாம் தராசைத் தூக்கியபடியே, நின்னுடுச்சா, நின்னப்புறம் பட்டுச்சா என்று கேட்பாய். கூட வந்த புருஷன்மார் தக்காளிக் கடைக்கு நழுவுவார்கள்.

நேற்று நானே போனேன். எனக்குத்தான் என்று என் வாயாலேயே சொன்னேன். உன் பிள்ளை வெளியே உட்கார்ந்து நகத்தைக் கடித்துத் தீர்த்தார். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், திங்கட்கிழமை தெரியும். அங்கே உனக்கு முன்னாடியே தெரிந்திருக்குமோ? தெரிந்தாலும் சொல்லாதே.

என்ன வந்தாலும் கடைசிவரை வைத்தியம் பார்த்துக்கொள்வேன், ஆபரேஷன் என்றால் ஆபரேஷன். இது உன்மேல் சத்தியம். அதனால் உன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைக்காதே, அத்தை. வேறு யாராவது உட்காரட்டும். நான் கடைசி வண்டிக்குத்தான் வருவேன்.

உன் அண்ணன் மகளும், உனக்கு வாய்த்த மருமகளுமான
கனகா