லாரியில் நீங்கள் ஏறவே இல்லை

நேற்று மழையில் நம் தெருமுனையில் ஒரு லாரி நின்றது. நனைந்த தார்ப்பாய் வாடை வீட்டுக்குள் வரைக்கும் வந்தது. நீங்கள் சொன்ன கதையில் வருகிற அதே வாடை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எமர்ஜென்சி சமயம். சின்னவளைப் பெற்று நான் பிழைத்ததே பெரிது. இன்னொரு பிரசவம் தாங்காது என்று டாக்டரம்மா சொன்னதும், நீங்களே போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டீர்கள். இரண்டும் பெண்ணாக இருக்க ஆம்பளை இப்படிச் செய்தான் என்றால் உங்கள் அம்மா என்னைத்தான் கரித்துக்கொட்டுவார். அதனால்தானே, "குமணன்சாவடில வெச்சு லாரில தூக்கிப் போட்டுகினு போய் ஆபரேஷன் பண்ணிட்டானுங்கோ" என்றீர்கள்? உங்கள் அம்மா கவர்மெண்டை மண்ணை வாரித் தூற்றினார். நான் தப்பித்தேன்.

கதை நம் வீட்டோடு நிற்கவில்லை. எதிர்வீட்டுக் கன்னியம்மாவின் புருஷன் அந்தச் சமயத்தில்தான் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. இன்னொருத்தியோடு பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று பேச்சு. அவள் உங்களிடம் வந்தாள்.

"அண்ணாத்தே, அந்த லாரில எங்க ஊட்டுக்காரர் இருந்தாரா?"

என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "இருந்தான்மா. எனுக்குப் பாதி பீடி குட்த்தான்."

அந்தப் பாதி பீடியை வைத்து ஊர் ஒரு சிறையையே கட்டிவிட்டது. வருஷம் போகப் போக அது பெரிதானது. எண்பத்தைந்து வாக்கில்கூட டீக்கடையில் இதே பேச்சுதான்.

"பட்டாபிராமாண்ட தண்டவாளத்துக்குக் கீழ ரூம் கீதாம். லாரில போய்த் திரும்பாதவன்லாம் அங்கதான் கீறானுங்களாம்."

"நீ போய்ப் பாத்தியா மாமே?"

"பாத்தவன் திரும்பி வர முடியாதே. அதான் எவனும் பாக்கல!"

சிரிப்பார்கள். ஆனால் நம்புவார்கள். அந்தக் காலத்தில் நிஜமாகவே இழுத்துப்போகப்பட்டவர்கள் இருந்தார்கள் அல்லவா? அந்த நிஜத்தின் நிழலில் நம் பொய்யும் உட்கார்ந்துகொண்டது.

கன்னியம்மாவை அவள் தம்பி அரக்கோணத்துக்குக் கூப்பிட்டான். "நான் போய்ட்டா, ஜெயில்லேர்ந்து உட்டா அவரு எந்த ஊட்டுக்கு வருவாரு?" என்று இங்கேயே தனியாக இருந்துவிட்டாள். அன்றைக்கு உங்களிடம் சொன்னேன், உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று.

"சொன்னா இன்னா ஆவும்? புருஷன் உட்டுட்டு ஓடிட்டான்னு தெருவே சிரிக்கும். இப்போ மரியாதையா கீறா."

உங்கள் அம்மா அப்போது உயிரோடு இருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் வந்தாள். பந்தி முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு.

"அண்ணி, அவரப் பாத்த ஆளு அண்ணாத்தே ஒருத்தர்தான். அவரும் போய்ட்டாரு. கடைசில எதுனா சொன்னாரா?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் அவள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சொன்னாரு. லாரி கெளம்பும்போது உம் பேரச் சொல்லி அழுதாராம்."

நீங்கள்கூட அவ்வளவு தூரம் போனதில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் இருந்த பெண்களிடம் அதைச் சொல்ல ஓடினாள்.

உங்கள் பொய் என் உயிருக்காக. என் பொய் எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. வெட்கத்தில் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குழாயடியில் பார்க்கும்போதெல்லாம், "இன்னொரு வாட்டி சொல்லு அண்ணி" என்கிறாள்.

சொல்கிறேன்.