பெரட்டு லிங்கத்தின் கணக்கு

11 மார்ச் 2025
இன்று இவருக்குப் பிறந்தநாள் என்று முகநூல் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. "நூறு வயசு வாழணும் அண்ணே" என்று கேக் படம் போடுகிறார்கள். மனுசன் போய் ஆறு மாசம். மொனராகலையிலிருந்து ஒருத்தர், "வெள்ளிக்கிழமை ஆட்டோ வருமா?" என்கிறார். சிரித்தேன். பிறகு அழுதேன். இந்தக் கணக்கை மூடிவிட வேண்டும்.

12 மார்ச்
முன்பள்ளி விட்டதும் லுணுகலைக்குப் போய், கம்யூனிகேஷன் கடை அஷ்பாக்கிடம் மரணச் சான்றிதழைக் கொடுத்தேன். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. போனையோ, வெற்றிலை பாக்கோடு சேர்த்துச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டார் கொழுந்தனார். பாசமாம்.

"மூடினா வீடியோவும் போயிரும் டீச்சர். நினைவுப் பக்கமா மாத்தினா எல்லாம் இருக்கும்" என்றார் அஷ்பாக்.

வீடியோ – பனி மூடின வளைவில் ஆட்டோவை நிறுத்தி, "பெரட்டு லிங்கம் பேசுறேங்க, ரோட்டு நிலவரம் சொல்றேன்" என்பாரே, அதுதான். அந்தக் குரல் வேறு எங்கே இருக்கிறது எனக்கு? மூட வேண்டாம், மாற்றுங்கள் என்றேன்.

21 மார்ச்
விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. சான்றிதழில் மகாலிங்கம், கணக்கில் பெரட்டு லிங்கம். இரண்டும் ஒரே ஆள் என்று கிராம சேவகரின் கடிதம் வேண்டுமாம்.

அந்தப் பேர் எனக்கு ஆகவே ஆகாது. இளவட்டத்தில் தோட்ட வேலைக்குப் போனபோது, வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் ஆள் பேர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் ஓடி வருவாராம். இருபது வருஷம் ஆட்டோ ஓட்டியும் பேர் ஒட்டிக்கொண்டேயிருந்தது. டீச்சர் புருஷனுக்கு இது ஒரு பேரா என்று எத்தனை சண்டை! அஷ்பாக் தன் கடையில் அடித்த சாவு பேனரில் அதைப் போட்டிருந்தார். அழிக்கச் சொன்னது நான்தான். இருந்திருந்தால் அதையே அத்தாட்சியாகக் காட்டியிருக்கலாம். எனக்கு நல்லா வேணும்.

24 மார்ச்
மழை. போகவில்லை.

25 மார்ச்
கிராம சேவகர் ஏட்டைப் புரட்டிவிட்டு, "எந்த மகாலிங்கம் டீச்சர்? நாலு பேர் இருக்காங்களே" என்றார். தோட்டம் சொன்னேன், குடியிருக்கும் லயம் சொன்னேன். ம்ஹூம். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "பெரட்டு லிங்கம்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அட, நம்ம பெரட்டு லிங்கமா? கொட்டுற மழையில என் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவராச்சே. அன்னைக்கு மட்டும் அவர் லேட்டே இல்ல."

எனக்கு இது தெரியாது. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாரா அந்த மனுசன்?

பத்து நிமிஷத்தில் கடிதம் கையில். படிவத்தில் 'பெரட்டு லிங்கத்தின் மனைவி' என்று என் கையாலேயே எழுதினேன். முதல் தடவை.

9 ஏப்ரல்
மாறிவிட்டது. பேருக்கு மேலே 'நினைவாக' என்று இருக்கிறது. இங்கேயும், பிறந்தநாளுக்கு எல்லாரும் பேர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறார். வீடியோவை மூன்று தடவை கேட்டேன்.

2 செப்டம்பர்
வருஷத் திவசத்துக்குக் கார்டு. அஷ்பாக் பயந்து பயந்து 'அமரர் மகாலிங்கம்' என்று அடித்து வைத்திருந்தார்.

"பெரட்டு லிங்கம்னு பெருசா போடுங்க."

"அப்ப மகாலிங்கம், டீச்சர்?"

"அடைப்புக்குள்ள சின்னதா போடுங்க. அவரை யாருக்குத் தெரியும்?"