தளும்பும் கேக்

சமையல் மேதைக்கு,

நேத்து நீங்க செஞ்ச லேசான சீஸ்கேக் ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டுல இருக்கு. பார்த்து எடுங்க, தளும்புது. சீஸுக்குப் பதிலா தயிர் போட்டா முதல்ல துணியில கட்டித் தண்ணியை வடிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பேக்கரியில நாள் முழுக்க இதே வேலையா நிக்கிறவ பேச்சு வீட்டுல எடுபடுமா? போதாததுக்கு ஸ்ட்ராபெர்ரியை நேத்தே வெட்டி அடுக்கிட்டீங்க. அது சாறு விட்டு மிதக்குது.

தயிரை வடிச்சு நான் செஞ்சது கீழ் தட்டுல இருக்கு. சாயங்காலம் உங்க அக்கா வந்ததும் அதை வெட்டுங்க. பழத்தை அப்பதான் மேலே வைக்கணும்.

"இவ குண்டாகி உருண்டுக்கிட்டே போறா, அதான் நானே லேசா செஞ்சு தர்றேன்"னு அக்காகிட்ட ஃபோன்ல அளந்தது என் காதுல விழுந்தது. ரொம்பத்தான் அக்கறை.

வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுங்க.

இதை எழுதும்போதே அக்கா கூப்பிட்டாங்க. உங்க கேக் எப்படி வந்திருக்குன்னு கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன். நேரா பேக்கரிக்கே வந்துடறாங்களாம். அதனால கீழ் தட்டுல தேடாதீங்க, எடுத்துட்டுப் போறேன். மேல் தட்டு முழுக்க உங்களுக்குத்தான்.

குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வைங்க.