கடைசி அத்தியாயம் உனக்கு

என் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் கண்ணைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்புவதற்கு என்ன காசா பணமா. கடையில் தையல் வேலைக்குக் குறைவில்லை. இந்த வாரம் முழுக்க இடுப்பைப் பிரிப்பதும் பிடிப்பதுமாகவே போகிறது, தெருவில் பாதிப் பேர் பருத்துவிட்டார்கள், மீதிப் பேர் இளைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும், நான் இன்று உட்கார்ந்தது ஒரு முடிவைச் சொல்லத்தான், நீ போனில் குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பயம் என்று ஒப்புக்கொள்வாரா? மாட்டார். படகுத்துறையை வைத்து அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொள்கிற அந்தப் பழைய தடிப் புத்தகத்தைப் பாதியில் விட்டிருந்தார் அல்லவா, அது முடியட்டும், அப்புறம் வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். எழுத்துத் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு எப்படி முடிப்பது? அதற்குத்தான் நீ சந்தா கட்டி அந்த ஒலிப்புத்தகத்தை அனுப்பினாய். குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, அந்த ஆளுடைய குரல் தேன்தான். ஆனால் தேன் குடித்த மாதிரியே உன் அப்பா பத்து வரிக்குள் குறட்டை விட்டார். விழித்திருந்த கொஞ்ச நேரத்திலும், கதையில வர்ற அந்தச் சமையல்காரி எங்க போனா, அவளக் காணோமே என்று என்னைப் பிடுங்கி எடுத்தார். பிறகு நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் கீழே பொடி எழுத்தில் சுருக்கிய பதிப்பு என்று போட்டிருக்கிறது. உடனே அவர், டிக்கெட்ட மட்டும் முழுசா வாங்கிட்டு பாதி ஸ்டாப்புல நிக்காமப் போற வண்டி இது, எனக்கு வேணாம் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற பெண் போனில் ஒரு இலவச இடத்தைக் காட்டினாள். எழுதியவர் செத்துப் பல காலம் ஆன பழைய கதைகளை யார் யாரோ தங்கள் வீட்டில் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் அத்தியாயமாக வாசித்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், உன் அப்பா பல்லை மட்டுமா பார்த்தார், வால் வரைக்கும் பார்த்தார். ஒருவருக்கு ஜலதோஷம், ஒரு அம்மாவின் வீட்டு நாய் நல்ல கட்டம் வரும்போதெல்லாம் குரைக்கிறது, இன்னொருத்தர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஓடுகிறார். எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்து, எல்லோரையும் திட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார் குட்டி. கண் மங்கியதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தவர். அவர் ஒருவரைத் திட்டிக் கேட்டு எத்தனை நாளாயிற்று, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வினை எங்கே வந்தது என்றால், கடைசி நான்கு அத்தியாயங்களை யாருமே வாசிக்கவில்லை. கதையும் முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன் என்றேன், எம்மேல பாவப்பட்டு யாரும் வாசிக்க வேணாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீயும் சுருக்காத பதிப்பு வேறு இடத்தில் விலைக்கு இருக்கிறது, இப்போதே வாங்கிவிடுகிறேன் என்றாய். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால், அவ்வளவு தூரம் கூட வந்தவர்களை விட்டுவிட்டு இறங்கி வேறு வண்டி ஏறமாட்டாராம். சரி, நீ பிடிவாதம் என்றால் நான் உனக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அவருடைய புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன்.

துணி போட்டுப் பார்க்கிற அறை இருக்கிறதே, மூன்று பக்கமும் கனத்த கோட்டுகள் தொங்குவதால் உள்ளே நின்றால் தெருச் சத்தமே கேட்காது. திரையை இழுத்துவிட்டு, போனைத் துணி மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டு, அந்த நான்கில் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். இடையில் ஒரு வாடிக்கையாளர் திரையைத் தட்டி, உள்ள யாருங்க, எவ்வளவு நேரமா பேன்ட் மாத்துறீங்க என்று சண்டைக்கு வந்துவிட்டார். இலவச இடத்துக்கும் அனுப்பினேன், அவருக்கும் யாரோ புதிதாக வாசித்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போட்டுக்காட்டினேன். ஒரு சொல் திட்டவில்லை. முடிந்ததும், இந்தம்மா வாயில குண்டூசிய வச்சுக்கிட்டே வாசிக்கிறா, முழுங்கித் தொலைக்கப் போறா, மொதல்ல எடுக்கச் சொல்லு என்றார். திரும்பப் போட்டுக் கேட்டால் நிஜம்தான் குட்டி, ச வருகிற இடமெல்லாம் காற்றாகப் போகிறது. அந்த அறைக்குள் போனாலே கை தானாக ஊசியை எடுத்து உதட்டில் வைத்துவிடுகிறது, நானா வைத்தேன்? அப்புறமும் அது நான்தான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த இரண்டையும் ஊசி இல்லாமல் வாசித்தேன். எப்போ வரும், எப்போ வரும் என்று கேட்டுக் கேட்டு வாங்கிக் கேட்டார்.

இனி ஒன்றுதான் பாக்கி, அதை நான் வாசிக்கப் போவதில்லை. அந்தப் பக்கங்களை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், நீதான் வாசித்து அனுப்ப வேண்டும். வேலை இருக்கிறது, நேரம் இல்லை, தமிழ் படித்து நாளாயிற்று என்று எதைச் சொன்னாலும் என் காதில் ஏறாது. நீ எங்களுக்குக் காசு அனுப்புகிறாய், மருந்து அனுப்புகிறாய், அந்தத் தேன் குரலைக்கூட அனுப்பினாய், உன் குரலைத்தான் அளந்து அளந்து அனுப்புகிறாய். கடைசி அத்தியாயத்தை யாரு வாசிக்கிறா என்று அவர் கேட்டார். ரொம்ப தூரத்துல ஒருத்தி இருக்கா என்றேன். அவளுக்கு நேரம் எங்க இருக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையில் அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதி கேட்டிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். அந்தத் தேதிக்குள் அனுப்பிவிடு.

சந்தாவை இப்போதைக்கு நிறுத்தாதே, ஆபரேஷன் முடிந்து அசையாமல் படுக்க வைக்க அந்தத் தேன் குரல் வேண்டியிருக்கும். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வேலைக்குப் போனால் காதை மூடிக்கொள். நீ எடுத்ததெல்லாம் துலங்கி, நூறு வயசு நன்றாக இரு. ஒன்றே ஒன்று, நிறுத்தி நிறுத்தித் திருத்தமாக வாசித்து அனுப்பித் தொலைக்காதே. தடுமாறினால் தடுமாறு, இருமல் வந்தால் இருமு. உன் அப்பா திட்டுவதற்கு ஏதாவது மிச்சம் வை.

வாயில் ஊசி இல்லாமல்,
உன் அம்மா