பதினேழாம் உறை

ஜூன் 3

காலையிலிருந்து குனிந்தது குனிந்தபடி நூற்றிருபது செடிகளை அளந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மலை உச்சியிலிருந்து எடுத்த விதையும் அடிவாரத்து விதையும் ஒரே பாத்தியில், ஒரே தண்ணீரில் வளர்கின்றன. இது இரண்டாம் ஆண்டு. உச்சிச் செடிகள் இங்கே வந்தும் சாண் உயரம் தாண்டவில்லை. இலையில் அதே ரோமம், அதே அவசரப் பூ. குளிரும் இல்லை, பேய்க்காற்றும் இல்லை, இருந்தும் குட்டை. அப்படியானால் அது மரபணுவிலேயே ஊறிப்போன குணம்.

உச்சி வரிசையில் எட்டுச் செடிகள் மட்டும் முழங்கால் உயரம். எட்டும் பதினேழாம் விதை உறையிலிருந்து வந்தவை.

ஜூன் 4

தோட்டக்கார அண்ணன் நின்று பார்த்தார். "என்ன தங்கச்சி, இது மேல இருந்து வந்த மாதிரியே தெரியலையே?" சிரித்து மழுப்பினேன்.

ஜூன் 9

இலைகளின் மரபணுச் சோதனை முடிவு வந்தது. பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. "எட்டும் உச்சியில விளைஞ்சது, ஆனா அடிவாரத்து மரபணு! கீழ இருந்து அவ்வளவு உயரத்துக்கு விதை எப்படியோ ஏறியிருக்கு. இத வச்சே ஒரு கட்டுரை போடலாம். உன் பேரும் வரும், வேலையும் நீடிக்கும்."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

ஜூன் 10

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

போன வருடத்துக்கு முந்தின அக்டோபர். விதை எடுக்கக் கடைசி ஏற்றம். எனக்குக் காய்ச்சல், கூட ஆள் இல்லை. அடிவாரத்து ஓடையைத் தாண்டியதுமே மூச்சு முட்டியது. பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலேயே அதே செடி, முற்றிய விதையோடு. பறித்து உறையில் போட்டேன். உறைமேல் "3,400 மீட்டர்" என்று உச்சியின் உயரத்தை எழுதினேன். ஒரே ஒரு உறைதானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

செடி முளைத்து வந்து சொல்கிறது.

ஜூன் 14

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அவங்களே ஒரு காரணம் கண்டுபிடிச்சு சந்தோஷமா இருக்காங்க. நீ ஏன் வாயக் கொடுத்து மாட்டிக்கிற? பேசாம இரு."

துவைத்த துணியை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூன் 20

இன்றும் பேராசிரியையிடம் சொல்லவில்லை.

ஜூன் 27

கட்டுரையைப் படிக்கத் தந்தார். இரண்டாம் பக்கத்தில் பதினேழாம் உறையின் படம் — என் கையெழுத்தோடு. ஐயோ. இத நம்பி எத்தனை பேர் எந்தெந்த மலையில ஏறி அலைவாங்க? முடியல. இதுக்கு மேல என்னால முடியல.

ஜூன் 28

சொல்லிவிட்டேன். நின்றபடியே.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அன்னிக்கே ஏற முடியலன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

"இறங்கி வந்துடுன்னு சொல்லியிருப்பீங்க மேடம்."

"மத்த உறையெல்லாம்?"

"எல்லாம் உச்சியில எடுத்ததுதான் மேடம்."

"அத நான் எப்படி நம்புறது?"

படிக்கத் தந்த கட்டுரையை மேசைமேல் வைத்தேன். "போ" என்றார்.

ஜூலை 2

கட்டுரை நின்றுவிட்டது. வேலை போகவில்லை, ஏன் என்று கேட்கத் துணிவில்லை. "எல்லா விதையும் மறுபடி எடுக்கணும். நானும் வர்றேன்," என்றார் பேராசிரியை. இரண்டு வருட உழைப்பு மண்ணோடு போயிற்று. வீட்டில் இவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 11

உச்சி. நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். காற்று கன்னத்தில் அறைகிறது. செடிகள் உள்ளங்கை அளவில் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. உறைகளில் உயரத்தைப் பேராசிரியையே எழுதினார். பேனாவை நான் கேட்கவில்லை.

மார்ச் 8

விதைத்தாயிற்று.

ஜூன் 5

புதுச் செடிகளுக்கு முதல் அளவு. "நீ அளந்து சொல்லு, நான் எழுதிக்கிறேன்," என்றார் பேராசிரியை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் தானும் குனிந்து ஒருமுறை அளந்த பிறகே எழுதினார். மூட்டுவலிக்காரர். சாயங்காலம் ஆகிவிட்டது.

ஜூன் 19

உச்சி வரிசை முழுக்கக் குட்டை, ஒன்றுகூட விலகவில்லை. நாற்பதாவது செடிக்கு வந்தபோதுதான் கவனித்தேன் — அவர் குனியவில்லை.

"பதினோரு சென்டிமீட்டர் மேடம்."

எழுதினார். "ம், அடுத்தது?"