வாழைப்பழத்தோடு வைத்த மல்லி

இன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்ததும் வாழைப்பழ வாசனை குப்பென்று அடித்தது. உங்கள் எவர்சில்வர் டப்பாவை ஒட்டி ஒரு சீப்பு பழம். டப்பாவைத் திறந்தால், நீங்கள் போன பிறகு முதன்முதலாக நேற்று நான் வாங்கிய மல்லிச் சரம் சிவந்து, சொதசொதவென்று கிடந்தது. எல்லாம் உங்கள் அக்காவின் வேலை. பூவைச் சீக்கிரம் வாட வைக்கிற பழத்தைப் பக்கத்தில் வைத்தது போதாதென்று பூவின்மேல் தண்ணீரும் தெளித்திருக்கிறார்.

நீங்கள் இருந்திருந்தால் வீடே ரெண்டாகியிருக்கும். பௌர்ணமியன்று பூ விலை ஏறிவிடும் என்று முதல் நாளே விரியாத மொட்டாகப் பார்த்து வாங்கி வருவீர்கள். பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டில்லாமல் முறுக்கிப் பிழிந்து, சரத்தைச் சுற்றி டப்பாவில் மூடி வைப்பீர்கள். ரோஜா என்றால் காம்பைச் சாய்வாக நறுக்கி, தண்ணீரில் படுகிற இலையைக் கிள்ளிவிட்டு டம்ளரில் நிறுத்துவீர்கள். தண்ணீர் மாற்ற நான் மறந்துவிட்டால் போச்சு. "பூவுக்கு இன்னா வாயா இருக்குது, கேக்கறதுக்கு? நாமதான்டி பாத்துக்கணும்" என்று கத்துவீர்கள்.

உங்களுக்கு வாய் இருந்ததே! போன வருஷம் கிரிவலத்தில் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "ஒண்ணுமில்லடி, வாயுதான். சுத்தறத பாதியில நிறுத்தக் கூடாது" என்றீர்கள். கூட நடந்தவர்களும் "ஆமாம்மா, வாயுதான்" என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தீர்கள். சுற்றையும் முடித்தீர்கள். வீட்டு வாசலில் கால் கழுவக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒரு முழம் பூவுக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியை உங்கள் நெஞ்சுக்குக் காட்டியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? எனக்கு வயிறு எரிகிறது.

டப்பாவோடு போய் உங்கள் அக்கா முன்னால் நின்றேன்.

"ஏன் அண்ணி இப்படி பண்ணீங்க?"

"சாமிக்குன்னு நெனச்சி தெளிச்சேன். உனக்கு எதுக்கும்மா இனிமே பூவு?"

"என் தலைக்குத்தான் வாங்கனேன்."

"ஊரு இன்னா சொல்லும்?"

"அன்னிக்கி அந்த ஊருதான் அண்ணி அவருக்கு சோடா வாங்கிக் குடுத்துச்சி."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தம்பியைப் பறிகொடுத்தவர்தான் அவரும். ஆனாலும் எனக்குக் கோபம் தணியவில்லை. பழச் சீப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பௌர்ணமி விலைக்கே மறுபடி மல்லி வாங்கி வந்தேன். உங்கள் வேட்டித் துணியை நனைத்து, நீங்கள் பிழிவதுபோலவே பிழிந்து சுற்றி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கிரிவலம் போகிறேன். வழியில் எவனாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "வாயுதான்" என்று சொல்லட்டும். சட்டையைப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை. உங்களுக்கு விழ வேண்டிய திட்டு அத்தனையையும் அவன் வாங்கிக்கொள்வான். அவன் பெண்டாட்டி பூவோடு வீட்டுக்குப் போகட்டும்.