ரசீதில் வந்த கைநாட்டு

ஆம்பூர், 16-2-1932

என் மதிப்புக்குரிய அப்பாவுக்கு, மகன் யோசுவா வணங்கி எழுதுவது. நான் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? இங்கே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை குறைவில்லை.

மறியலில் பிடிபட்டு ஜெயிலில் இருக்கும் தம்பி தானியேலுக்கு நான் அனுப்பிய மணியார்டர் சேர்ந்துவிட்டது. ஆனால் திரும்பி வந்த ரசீதில் கையெழுத்து இல்லை, இடது கைநாட்டு இருந்தது. ஊருக்கே மனு எழுதித் தருகிறவன் அவன். ஞாயிறன்று கோயிலுக்குக்கூடப் போகாமல் ரயிலேறினேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். வலது கையைத் துணியால் சுற்றியிருந்தார்கள்.

"இன்னாடா ஆச்சு?" என்றேன்.

அவன் வார்டரை ஒருமுறை பார்த்தான். "வழுக்கி வுழுந்துட்டேண்ணா. இப்ப வலி கம்மிதான்."

விழுந்தவனுக்கு ஐந்து விரலும் எப்படி வீங்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டு நான் வந்துவிடுவேன், அவன் அங்கேதானே இருக்க வேண்டும்?

பயப்படாதீர்கள். வழக்கு முடியும்வரை சொந்தச் சட்டை போடலாமாம். கை அகலமான சட்டை ஒன்று அனுப்புங்கள். எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள், அறையில் பேச ஆளில்லை. அம்மா கேட்டால் அவன் சிரித்தான் என்று சொல்லுங்கள். சிரிக்கத்தான் பார்த்தான். ஷாப்பில் மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

யோசுவா